கப்பலுக்குப் பெயர் உண்டு, வள்ளத்துக்கு?

(வல்வெட்டித்துறையின் தெருக்களும் படகுகளும் பற்றி வாசிகசாலை மண்டபத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம்முடைய தெருக்களைப் பற்றியும் படகுகளைப் பற்றியும் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். தெரு வேறு, படகு வேறு என்று பிரித்துப் பேச இந்த ஊர் விடாது. ஆகையால் இரண்டையும் கலந்துதான் பேசுவேன். என்னை அழைக்க வந்தவர்கள் படலையைத் திறந்து போகிறபோது மெதுவாக இன்னொன்றும் சொன்னார்கள்: "மாஸ்டர், அன்னபூரணியைப் பற்றி நல்லாச் சொல்லுங்கோ." சொல்கிறேன். சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னை வீட்டுக்குப் போகவிடமாட்டீர்கள். ஆனால் அதோடு நிறுத்தவும் மாட்டேன். அன்னபூரணி என்ற நம்முடைய கப்பலை வைத்து உங்களிடம் ஒரு கேள்வி கேட்க வந்திருக்கிறேன். கேள்வியைப் பிறகு கேட்கிறேன். முதலில் தெருவுக்குப் போவோம், வாருங்கள்.

பருத்தித்துறையிலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் கரையோர றோட்டில் வருகிறீர்கள். வலப்பக்கம் கடல். பொலிகண்டி தாண்டியதும் வீடுகள் நெருங்கத் தொடங்கும். யாழ்ப்பாணத்தின் மற்ற ஊர்களில் என்ன இருக்கும்? அகன்ற வளவு இருக்கும், வளவைச் சுற்றிக் கிடுகு வேலி இருக்கும், வேலிக்குள் தோட்டம் இருக்கும். இங்கே அப்படியா? மதிலோடு மதில் முட்டி நிற்கும். ஒரு வீட்டில் குழம்பு தாளித்தால் நாலு வீட்டில் தும்முவார்கள். ஏன் இப்படி நெருங்கி இருந்தார்கள்? இந்த ஊருக்குத் தோட்டம் கடலில் இருந்தது. நிலத்தில் இரவு தலைசாய்க்க இடம் கிடைத்தால் போதும் என்று இருந்தார்கள்.

ஒழுங்கைகளைப் பாருங்கள். எந்த ஒழுங்கையில் இறங்கி நடந்தாலும் கடைசியில் கடல்தான் வரும். ரேவடிக்குப் போகலாம், ஊறணிக்குப் போகலாம், ஊரிக்காட்டுப் பக்கம் போகலாம். சின்னப் பிள்ளை வழி தவறினாலும் பயமில்லை. காற்று எந்தப் பக்கம் உப்பாக இருக்கிறதோ அந்தப் பக்கம் நடந்தால், வலை பொத்திக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர் "எட, நீ இன்னாற்றை பெடியன் எல்லே" என்று கேட்டுக் கையைப் பிடித்து வீட்டில் கொண்டுபோய் விடுவார்.

அந்த வீடுகளின் கதவுகளைத் தொட்டுப் பார்த்தவர்கள் உங்களில் எத்தனை பேர்? பர்மாத் தேக்கு. நம்முடைய ஊர்ப் பாய்க்கப்பல்கள் ரங்கூனுக்கும் அரக்கான் கரைக்கும் போய் அரிசி ஏற்றி வந்தன. திரும்பும்போது தேக்கு வந்தது. இங்கிருந்து என்ன போனது? மலையாளக் கரைக்குப் புகையிலை போனது, இந்தியாவுக்குப் பனைமரம் போனது. நாகபட்டினம் இங்குள்ளவர்களுக்குக் கொழும்பைவிடக் கிட்ட. கொழும்புக்குப் போனவர் திரும்பி வந்தால் "என்ன புதினம்?" என்று கேட்டார்கள். நாகபட்டினம் போனவர் வந்தால் "என்ன சாமான்?" என்றுதான் கேட்டார்கள்.

இப்போது கரைக்கு வருவோம். கப்பல் எங்கே கட்டினார்கள்? தொழிற்சாலையிலா? கம்பி வேலி போட்ட துறைமுகத்திலா? ஊர்க் கரையில், வீட்டு வாசலுக்கு எதிரே கட்டினார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ஒரு பக்கம் ஏரா என்ற அடிமரம் வைத்திருப்பதைப் பார்த்துக்கொண்டு போகும். தவணை முடிந்து வரும்போது வங்குக்கால்கள் நிற்கும். அடுத்த வருஷம் பலகை அடித்திருக்கும். அந்தப் பிள்ளைக்குக் கப்பல் கட்டுவதைத் தனியாகப் படிப்பிக்க வேண்டுமா? தெருவே வகுப்பறை.

வேம்பும் இலுப்பையும் தேடுவார்கள். நேராக வளர்ந்த மரம் ஒன்றுக்கு, கோணலாக வளர்ந்த மரம் இன்னொன்றுக்கு. வளைவு வேண்டிய இடத்துக்கு இயற்கையாக வளைந்த கொப்பையே பார்த்து எடுப்பார்கள். வளைத்த மரத்தைவிட வளைந்த மரத்துக்குப் பலம் கூட. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் பஞ்சும் கயிற்றுத் தும்பும் அடித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி அடைப்பார்கள். அதற்குக் கலப்பத்து என்று பெயர். அந்தக் காய்ச்சுகிற மணமும், மரத்துக்குப் பூசிய சுறா நெய்யின் நாற்றமும் சேர்ந்து ஒழுங்கை முழுக்க நிற்கும். புதுப் பெண்ணாக வேறு ஊரிலிருந்து வந்தவர்கள் முதல் மாதம் மூக்கைப் பொத்துவார்கள் என்று சொல்வார்கள். அடுத்த மாதம் பொத்துவதில்லை.

கப்பல் கட்டும் ஓடாவிமார் கையில் வரைபடம் இருந்ததா? கடதாசியில் இல்லை. முழமும் சாணும் விரற்கடையும் அவர்களுடைய உடம்பிலேயே இருந்தன. அணியம் எவ்வளவு உயர வேண்டும், பாய்மரம் எந்த இடத்தில் ஊன்ற வேண்டும், பருமல் எவ்வளவு நீளம் என்பதெல்லாம் தகப்பன் மகனுக்குச் சொன்ன கணக்கு. அந்தக் கணக்கில் கட்டிய ஒரு கப்பல் எங்கே போனது தெரியுமா?

இதோ, நீங்கள் காத்திருந்த இடத்துக்கு வந்துவிட்டேன்.

1930-ஐ ஒட்டி இந்தக் கரையில் கட்டிய கப்பல் அன்னபூரணி. நீளம் 89 அடி. இரண்டு பாய்மரம். 1930களின் நடுப்பகுதியில் ஓர் அமெரிக்கர் இதைப் பார்க்கிறார். பெயர் வில்லியம் அல்பேர்ட் றொபின்சன். சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர் அல்ல. 1928-இலிருந்து 1931 வரை, 32 அடி நீளமான ஒரு சின்னப் பாய்ப்படகில் உலகத்தைச் சுற்றி வந்த மனிதர். பிறகு சொந்தமாகக் கப்பல் கட்டும் தளமே வைத்திருந்தவர். அப்படிப்பட்டவருடைய கண் வல்வெட்டித்துறை ஓடாவியின் கைவேலையில் விழுந்தது. காசு கொடுத்து வாங்கினார். தன் மனைவியின் பெயரைச் சூட்டினார். அன்னபூரணி, புளோரன்ஸ் சி. றொபின்சன் ஆனாள்.

பெயர் மாறினால் என்ன, ஓட்டத் தெரிந்தவர்கள் யார்? நம்முடைய ஆட்கள்தான். 1937 தொடக்கத்தில் இந்தக் கரையை விட்டுப் புறப்பட்டது கப்பல். தண்டயலாக, அதாவது கப்பல் தலைவராக, நின்றவர் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை. அவரோடு சேர்த்து ஊரவர் ஐந்து பேர். அரபிக்கடலைத் தாண்டினார்கள். ஏடன் வந்தது. செங்கடல் வந்தது. சுயஸ் கால்வாய் வந்தது. மத்தியதரைக் கடல் முழுவதையும் கடந்து ஜிப்ரால்டருக்கு வந்தார்கள். பிறகு அத்திலாந்திக். பெர்முடாவைத் தொட்டு, 1938 ஆகஸ்ட் 1ஆம் திகதி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்தில் நங்கூரம் போட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். வேப்பமரமும் இலுப்பைமரமும் அத்திலாந்திக் தண்ணீரில் மிதக்கின்றன. கோடியக்கரைக் காற்றைப் படித்த கண்கள் பெர்முடாக் காற்றைப் படிக்கின்றன. பெருமைப்பட வேண்டிய விஷயமா? ஆம். நூறு முறை சொன்னாலும் ஆம். கைதட்டுங்கள், நானும் உங்களோடு தட்டுகிறேன்.

(கைதட்டல்)

கைதட்டி முடிந்ததா? இப்போது அந்தக் குளொஸ்டர் என்ற ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். அது என்ன பெரிய நகரமா? நம்மைப் போலப் பழைய மீன்பிடி ஊர். 1623-இல் குடியேறியவர்களின் காலத்திலிருந்து அங்கே மீன்பிடிதான். அங்கே கடற்கரையில் ஒரு சிலை நிற்கிறது. யாருடைய சிலை? கவர்னர் இல்லை, கப்பல் முதலாளி இல்லை. சுக்கான் சில்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காற்றுக்கு உடம்பைச் சாய்த்து நிற்கிற ஒரு மீனவன். 1920களில் நிறுவியது. நம்முடைய ஐந்து பேரும் போய் இறங்கியபோது அந்தச் சிலை அங்கே நின்றிருக்கிறது. இன்றைக்கு அந்தச் சிலையைச் சுற்றிப் வெண்கலப் பலகைகள் இருக்கின்றன. அவற்றில் பெயர்கள். கடலுக்குப் போய்த் திரும்பாத அந்த ஊர் மீனவர்களின் பெயர்கள். எத்தனை? 5,000-க்கும் மேல். ஆண்டு ஆண்டாக, பெயர் பெயராகப் பொறித்திருக்கிறார்கள்.

இனி என் கேள்வி. அன்னபூரணியை நமக்கு எல்லோருக்கும் தெரியும். அது போய்ச் சேர்ந்த ஊரில் திரும்பாத மீனவர்களுக்குப் பெயர்ப் பலகை இருக்கிறது. அது புறப்பட்ட ஊரில் இருக்கிறதா?

சில வருஷங்களுக்கு முன் கரையோரத்தில் ஓர் ஆச்சியோடு கதைத்துக்கொண்டிருந்தேன். கருவாட்டைப் பாயில் பரவிக்கொண்டிருந்தா. நானும் உங்களைப் போல அன்னபூரணிக் கதையை ஆரம்பித்தேன். கையை நிறுத்தாமல் ஆச்சி சொன்னா: "தம்பி, கப்பல் ஓட்டிப் போனவையின்ரை படம் சுவரிலை இருக்கு. என்ரை மனுசன்ரை படம் எங்கை இருக்கு? அவர் போன வள்ளத்துக்கு ஒரு பேர்கூட இல்லை."

என்ன பதில் சொல்வேன்? நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

இதைக் கேட்டுச் சிலருக்கு முகம் சுருங்கலாம். சுருங்கட்டும். கப்பல்காரரின் வரலாறு எழுதப்பட்டது, கோயில் கட்டிய கப்பல் முதலாளிமாரின் வரலாறு எழுதப்பட்டது, எழுதப்பட வேண்டியதுதான். வைத்தீசுவரன் கோயிலை நிமிர்த்தியது கப்பற் காசு என்பதை யார் மறுக்கப்போகிறார்கள்? ஆனால் பாய்க்கப்பல் இந்த ஊரை விட்டுப் போன பிறகும் ஊர் பட்டினி கிடக்கவில்லையே, ஏன்? கட்டுமரம் இருந்தது. வள்ளம் இருந்தது. கரைவலை இருந்தது.

கரைவலை இழுப்பதைப் பார்த்த தலைமுறை இந்த மண்டபத்தில் இருக்கிறது. வலையின் ஒரு கயிறு கரையில். வள்ளம் வலையைக் கடலில் வளைத்துப் போட்டு மறு கயிற்றை அப்பால் கொண்டுவந்து சேர்க்கும். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று அம்பா என்ற இழுவைப் பாட்டுப் பாடி இழுப்பார்கள். பாட்டு நின்றால் இழுவை குழம்பும். பாடத் தெரிந்த கிழவருக்கு இழுக்கப் பலம் இல்லாவிட்டாலும் பங்கு உண்டு. மடி கரையேறும்போது அம்பா வேகம் எடுக்கும், நாய்கள் வரும், காகங்கள் வரும், எங்களைப் போன்ற பெடியங்கள் வருவோம். சூடையும் கீரியும் பாரையும் துள்ளும். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி பங்கு பிரிப்பார். கூறு கூறாக மணலில் வைத்து விலை சொல்வார்கள். ஒரு நாளைக்கு அறக்குளா அகப்பட்டால் அன்றைக்கு அந்த ஒழுங்கையில் நடையே வேறு.

வலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நைலோன் வருவதற்கு முன் பருத்தி நூல் வலை. உப்புத் தண்ணீர் பருத்தியைத் தின்றுவிடும். அதற்குப் பனிச்சங்காய் இடித்துச் சாயம் எடுத்து வலையை ஊறவைப்பார்கள். ஊறிய வலையைத் தெருவிலே, மதிலிலே, மரத்திலே காயப் போடுவார்கள். தெரு முழுவதும் செம்மண் நிறத்தில் தொங்கும். சனிக்கிழமை முழுக்குப் போகிறவர் அதற்குக் கீழே குனிந்துதான் போக வேண்டும். நூல் முறுக்கியது யார், பனிச்சங்காய் இடித்தது யார், மீன் வெட்டி உப்புப் போட்டது யார்? பெண்கள். படகு கடலில் நிற்கிற நேரத்தைவிட அதற்கான வேலை தெருவில் நடக்கிற நேரம் அதிகம். அந்த நேரத்தின் கணக்கு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

காற்றைப் படித்தவர்களையும் மறக்கக்கூடாது. சோளகம் எப்போது எழும், கச்சான் எப்போது திரும்பும், கொண்டல் எந்த நேரத்தில் நம்பலாம், வாடை தொடங்கினால் எதை நம்பக்கூடாது. வடகரை திறந்த கரை. வாடைக்காலத்தில் நேரே அலை வந்து அடிக்கும். கரைக்கு அருகே முருகைக்கல். அந்தக் கல்லுக்குள் வெட்டிய வான் வழியாகத்தான் வள்ளம் உள்ளே வர வேண்டும், வெளியே போக வேண்டும். இருட்டில், அலையில், அந்த ஒடுங்கிய வாசலைப் பிடிப்பது லேசான காரியமா? மழைக்கால இரவுகளில் பெண்கள் அடுப்பில் பால் வைத்தவர்களைப் போல வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை விழுங்கிய அந்தப் புயல் நம்முடைய வடகரையையும் சும்மா விடவில்லை. அன்றைக்குக் கடலில் நின்றவர்களை எண்ணி வீடுகள் விழித்திருந்தன.

சரி, பாய்க்கப்பல் ஏன் போனது? நீராவிக் கப்பல் வந்தது, யுத்தம் வந்தது, எல்லாம் சரி. ஆனால் எனக்குத் தோன்றுவது வேறு. கடலில் கோடு கிழித்ததுதான் பெரிய அடி. 1948-க்குப் பிறகு பாஸ்போட் என்றார்கள், விசா என்றார்கள், சுங்கம் என்றார்கள். நேற்றுவரை வியாபாரம் என்று இருந்தது இன்றைக்குக் கள்ளக்கடத்தல் ஆனது. காற்றும் மாறவில்லை, ஆட்களும் மாறவில்லை, சாமான்கூடப் பெரிதாக மாறவில்லை. சட்டம் மாறியது. இதைச் சொல்வதால் நான் கடத்தலுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் நாளைக்குப் பேப்பரில் போட வேண்டாம்! அந்தக் காலத்தில் பின்னேரம் புறப்பட்டு வேதாரணியத்தில் எம்.ஜி.ஆர். படம் பார்த்துவிட்டு விடியத் திரும்பினோம் என்று கதை சொல்லும் பெரியவர்கள் முன்வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் யாரையும் காட்டிக்கொடுக்கப்போவதில்லை.

படகுகூட இல்லாமல் அந்தக் கடலைக் கடந்தவர்களும் இருந்தார்கள். 1954-இல் மு. நவரத்தினசாமி இங்கிருந்து கோடியக்கரைக்கு நீந்தினார். 1971-இல் ஆழிக்குமரன் ஆனந்தன் பாக்கு நீரிணையைப் போகவும் வரவும் 51 மணி நேரத்தில் நீந்தினார். 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயில் உயிர் விட்டார். இருவருடைய பெயரும் நமக்குத் தெரியும். நல்லது.

பிறகு வந்த காலத்தைச் சுருக்கமாகத்தான் சொல்வேன். நீண்டு சொல்ல என்னால் ஆகாது, கேட்க உங்களாலும் ஆகாது. 1987 மே மாதம் வடமராட்சிக்குள் இராணுவம் வந்தது. 1989 ஆகஸ்ட் தொடக்கத்தில் இந்திய அமைதிப் படை இந்தத் தெருக்களில் சனங்களைச் சுட்டது. நான் சற்று முன் சொன்ன அதே ஒழுங்கைகள்தான். அதன் பின்னும் வருஷக்கணக்காக மீன்பிடிக்கு பாஸ், நேரக் கட்டுப்பாடு, தூரக் கட்டுப்பாடு, எஞ்சினுக்குக் கட்டுப்பாடு. வீட்டு முற்றத்தில் நின்றால் தெரிகிற கடலுக்குப் போகக் கையெழுத்து வேண்டும். கடல் தெரிந்தது, மீன் வேறெங்கோ இருந்து வந்தது. கட்டுமரம் கட்டத் தெரிந்தவர்கள் அகதியாகப் போனார்கள். திரும்பி வந்தபோது கரையில் பிளாஸ்ரிக் போட்டும் வெளியிணைப்பு எஞ்சினும் நின்றன. நான் குறை சொல்லவில்லை. கடலில் காற்று விழுந்து தவித்தவனுக்குத்தான் எஞ்சினின் அருமை தெரியும்.

இன்றைக்கு நிலை என்ன? விடியப் புறம் கடலுக்குப் போய்வந்த களைப்போடு பின்வரிசையில் இருக்கும் தம்பிமாருக்குத் தெரியும். இரவு வலை விடுகிறார்கள். மறுகரையான இந்தியாவிலிருந்து இழுவைப்படகுகள் வருகின்றன. விடியப் பார்த்தால் வலை அறுந்து கிடக்கிறது, கடலடி வழித்துத் துடைத்துக் கிடக்கிறது. 2017-இல் நம்முடைய நாட்டில் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடை செய்தார்கள். கடலில் வந்து பார்க்கச் சட்டத்துக்கு நேரம் கிடைப்பதில்லை. அந்தப் படகுகளில் கூலிக்கு நிற்பவனும் தமிழ் பேசுகிற ஏழைதான் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அவனுடைய முதலாளி கடலுக்கே வருவதில்லை.

இன்னொன்று. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் உதயசூரியன் கடற்கரையில் பட்டம் ஏற்றுகிறோமே, உலகம் முழுவதும் படம் போகிறதே, அந்தக் கைகளைப் பார்த்திருக்கிறீர்களா? மூங்கிலைச் சீவி, நூலைக் கட்டி, விண் பூட்டி, முச்சை எங்கே போடுவது என்று தலையைச் சாய்த்துப் பார்க்கிற பெடியன் யார்? பாய்மரத்தை எங்கே ஊன்றுவது என்று பார்த்த ஓடாவியின் பேரன். கைவேலை முழுவதும் அழிந்துவிட்டது என்று புலம்புகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அழிந்துகொண்டிருப்பது ஆட்களின் பெயர்தான். ஓடாவிமார் பெயர், அம்பா பாடியவர் பெயர், வானைத் தவறவிட்டுக் கல்லில் மோதியவர் பெயர், பாஸ் காலத்தில் போய் வராமல் போனவர் பெயர். அரசாங்கம் எழுதித் தரும் என்று காத்திருக்கிறோமா? குளொஸ்டரில் ஊரவர்கள் எழுதினார்கள்.

ஆகவே வெறும் கையோடு நான் வரவில்லை. வாசலில், செருப்புக் கழற்றிய இடத்துக்குப் பக்கத்து மேசையில், ஒரு பெரிய கொப்பி வைத்திருக்கிறேன். கோடு போட்டிருக்கிறேன். ஆளின் பெயர், தகப்பன் பெயர், எந்த ஒழுங்கை, கட்டுமரமா வள்ளமா கப்பலா, என்ன வருஷம், என்ன காற்று. வருஷம் தெரியாவிட்டால் "இன்னாரின் கலியாணத்துக்கு அடுத்த வாடை" என்று எழுதுங்கள், நான் கணக்குப் பார்த்துக்கொள்கிறேன். எழுத வராதவர்கள் சொல்லுங்கள். சிதம்பராக் கல்லூரிப் பிள்ளைகள் இருவர் பேனையோடு இருக்கிறார்கள். முதல் வரியில் அந்த ஆச்சியின் மனுசன்ரை பெயரை எழுதிவிட்டேன். இரண்டாவது வரியிலிருந்து உங்களுடையது. தேத்தண்ணி அங்கேதான் கொடுக்கிறார்கள். ஆகையால் அந்த மேசையைத் தாண்டாமல் ஒருவரும் போக முடியாது.